ஓரகத்தி வீட்டு விரிசல்

தேவமாதா துணை

ஸ்கலோவா, மேல்தெரு
மாதா பண்டிகைக்கு மறுநாள்

என் அருமை ஞானமகன் ஃபோத்திக்கு, உன்னை எண்ணெய் பூசி ஞானஸ்நானத் தொட்டியில் முக்கி எடுத்த அதே கைகளால் ஞானத்தாய் பொலிக்சேனி எழுதிக்கொள்வது. நான் நலம். ஆடுகள் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அதை மாதாவிடம் சொல்லியாகிவிட்டது, உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. நீயும் உன் மனைவியும் பிள்ளையும் யானினா பட்டணத்தில் சுகமாக இருக்கத் தினமும் விளக்கேற்றுகிறேன். மாதா நோன்பை ஒழுங்காக இருந்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டி வரும், அந்தப் பாவம் எனக்கு எதற்கு.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஓரகத்தி லாம்ப்ரினியை உனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. ஒரே வீடாகக் கட்டி நடுவில் ஒரு சுவரை வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். இப்போது இரண்டு பேருமே கடவுளிடம் போய்விட்டார்கள், சுவரும் நாங்களும்தான் மிச்சம். மேல்தெருவில் மற்ற வீடெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, பனிக்காலத்தில் புகை வருவது எங்கள் இரண்டு பேர் வீட்டிலிருந்துதான். விடிந்ததும் விடியாததுமாக அவள் பூரிக்கட்டையால் சுவரில் இடிப்பாள். "அக்கா, உயிரோட இருக்கியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல். "இல்லடி, செத்துட்டேன், போய்த் தூங்கு" என்று நானும் பதிலுக்கு இடிப்பேன். ஜெபம் சொல்லக்கூட விடமாட்டாள், எனக்குத் தலைவலியே அதனால்தான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்போது யோகம் அடித்திருக்கிறது. அவள் வீடு சறுக்குகிறது. என் வீடு சறுக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

மலையில் எந்த வீட்டுக்குக் கீழே மண் நகருகிறது என்று பார்க்க உன் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும், நீதானே பெரியவருடைய ஜீப்பை ஓட்டுகிறாய். நகருகிற வீட்டுக்காரர்களுக்குக் கீழே பஸ் ரோட்டுப் பக்கம், கோயிலுக்கு எதிரிலேயே, அரசாங்கம் புது வீடு கட்டித் தரப்போகிறதாம். உள்ளேயே குளியலறை, சுவரெல்லாம் வழுவழுவென்று கல் பதித்து. கோயிலுக்கு எதிரில் என்பதைக் கவனித்தாயா? லாம்ப்ரினி சுவிசேஷம் வாசித்து முடித்த பிறகுதான் கோயிலுக்குள் நுழைகிறவள். நான் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மேலேயிருந்து இறங்கி வந்து, மணி அடிக்கும் முன்பே மாதா படத்துக்குப் பக்கத்து இடத்தில் நிற்கிறவள். இனிமேல் அவள் செருப்பு மாட்டுவதற்குள் கோயில் வந்துவிடும். என் இடத்தில் அவள் நிற்பாள். மாதாவுக்கே இது நியாயமாகப் படுகிறதா என்று நேற்று நேரிலேயே கேட்டுவிட்டேன்.

வந்தவர்களுக்குத் தலைவி எவ்தோக்கியா என்று ஒரு பெண். பேன்ட்டும் பூட்ஸுமாக இருந்தாலும் நல்ல பெண், சாப்பிடும் முன் சிலுவை போட்டாள். முதல் நாளே நான் வாசலில் நிறுத்தி, பாகில் ஊறிய செர்ரியும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தேன். மத்தியானம் எண்ணெய் இல்லாமல் அவரைப் பருப்பு வேகவைத்துப் போட்டேன், நோன்பு நாளாயிற்றே. நன்றாக இருக்கிறது அத்தை என்று சொல்லிக்கொண்டே தட்டில் பாதியை வைத்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் மொத்தக் கூட்டமும் லாம்ப்ரினி திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, நடுவில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடை, வெண்ணெய் வழிகிறது. "என்னடி இது, நோன்பு நாள்ல?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டேன். "நான் சாப்பிடல அக்கா, பாறை உடைக்கிற புள்ளைங்க, அதுங்களுக்கு என்ன நோன்பு" என்கிறாள், உதட்டில் வெண்ணெயோடு. மறுநாளிலிருந்து கருவி, கயிறு, சம்மட்டி எல்லாம் அவள் தோட்டத்தில்தான். நான் யாரையும் குறை சொல்லவில்லை, வெண்ணெய் இருக்கிற பக்கம்தான் விஞ்ஞானமும் போகும் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வேலை எப்படியென்றால், பூமிக்குக் காது வைத்த மாதிரி சின்னச் சின்னக் கருவிகளை வரிசையாக மண்ணில் குத்திவைத்து, இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். அந்தச் சத்தம் கீழே போய்ப் பாறையில் முட்டித் திரும்பி வருமாம், அதை வைத்து உள்ளே எது கெட்டி எது பொசபொச என்று சொல்லிவிடுவார்களாம். அடிக்கும்போது யாரும் அசையக் கூடாது. என் ஆடு அசைந்தது. அதற்காக அந்த ஆட்டைக் கீழ்த்தெருவுக்குக் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார்கள். லாம்ப்ரினி கழுதை கனைத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதோடு அவள் சுவரில் இருக்கிற விரிசலுக்குக் குறுக்கே சுண்ணாம்புச் சாந்தில் ஒரு கண்ணாடிப் பட்டை ஒட்டித் தேதி எழுதிவைத்தார்கள், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அவள் அதைத் தினமும் துணியால் துடைக்கிறாள். யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறாள். "பாத்துக் கால வை அக்கா, என் தோட்டம் நகருது" என்று என்னிடமே சொல்கிறாள், நான் அவளுக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எவ்தோக்கியாவைக் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்து வந்தேன். "என் வீட்டையும் பாரும்மா, எனக்கும் ராத்திரியில தரை ஆடற மாதிரி இருக்கு" என்றேன். அவள் சுத்தியலால் என் முற்றத்துப் பாறையை இரண்டு தட்டு தட்டினாள். "அத்தை, நீங்க உக்காந்திருக்கிறது சுண்ணாம்புப் பாறை. அந்தச் சுவரோட அது முடிஞ்சிடுது. அவங்க பக்கம் களிக்கல், தண்ணி பட்டா சோப்பு மாதிரி. உங்க வீடு எந்தக் காலத்திலயும் அசையாது, நிம்மதியா இருங்க" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள் பார். ஊரைக் கூட்டி உறவைக் கூட்டி எனக்குக் கட்டிவைத்தது ஒன்றுக்கும் உதவாத பாறை மேல். தம்பிக்காரனுக்குச் சோப்பு, அண்ணனுக்குக் கல்.

அதனால் நானே ஒரு மருந்து பாட்டிலை உடைத்து அதில் ஒரு துண்டைக் கோதுமை மாவுப் பசையால் என் சுவரில் ஒட்டினேன். காத்திருந்தேன், ஜெபித்தேன், அது உடையவே இல்லை. முழங்கையால் கொஞ்சம் உதவி செய்தேன். எவ்தோக்கியா வந்து கண்ணாடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என் முழங்கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். "அத்தை, கண்ணாடி உடைஞ்சிருக்கு, ஆனா சுவத்துல விரிசலே இல்லையே" என்றாள். "உள்ளுக்குள்ள இருக்கும்மா" என்றேன். என் நெஞ்சைச் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

கடைசியில் பாவம் பார்த்து, எல்லை தெரிய வேண்டும் என்று ஒரு சாக்கும் சொல்லி, என் பீன்ஸ் பாத்தியிலும் இரும்புக் கம்பிகளை நட்டு ஒயர் இழுத்து ஒரு மின்சாரப் பெட்டியில் மாட்டினார்கள். மண்ணுக்குள் மின்சாரம் விட்டுப் பார்க்கிற வேலை அது. என் மண்ணில் முதல்முதலாக ஒரு நல்ல காரியம் நடக்கிறது, ஆசீர்வாதம் இல்லாமல் தொடங்கலாமா? செராஃபிம் பாதிரியாரை அழைத்து வந்தேன். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. புது டிராக்டரை மந்திரிக்கிற மாதிரியே, திருநீற்றுப்பச்சிலைக் கொத்தைத் தீர்த்தத்தில் நன்றாக முக்கி, எல்லாருடைய நெற்றியிலும் தெளித்து, கம்பிகள் மேல் தெளித்து, கடைசியில் திறந்திருந்த பெட்டிக்குள்ளும் தெளித்தார். பெட்டி 'டப்' என்று சொல்லி அணைந்துவிட்டது. "ஆமென்" என்றார் பாதிரியார், வேறென்ன சொல்வார். பெட்டி காய்கிற வரைக்கும் எல்லாரும் லாம்ப்ரினி வீட்டில் அடை சாப்பிட்டார்கள்.

மறுநாள் மறுபடி வந்தார்கள். அப்போது எவ்தோக்கியா தன் ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஈரம் இருக்கிற இடம்தான் நல்லாத் தெரியும், இங்க காஞ்ச பாறை, ஒண்ணும் காட்டாது." அப்படியா சேதி என்று நினைத்தேன். அவர்கள் காபிக்குப் போனதும், ஊற்றிலிருந்து என் பீன்ஸுக்கு வருகிற வாய்க்காலை முழுசாகத் திறந்துவிட்டேன். என் பீன்ஸைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், லாம்ப்ரினி இத்தனை வருஷமாகப் பொருமுகிறாள். கோடை முழுவதும் அந்த வாய்க்கால்தான் அதுக்கு உயிர். ஆனால் அன்றைக்குத் திறந்த தண்ணீர் பாத்தியில் நிற்கக்கூட இல்லை, பாறை இடுக்கில் குடுகுடுவென்று இறங்கி எங்கே போயிற்றோ. சாயங்காலம் வரைக்கும் விட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். லாம்ப்ரினியின் கண்ணாடிப் பட்டை உடைந்துவிட்டது, ரொட்டி அடுப்பு குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காபி முடித்து என் பாத்திக்குத் திரும்பியிருந்த எல்லாரும் கருவியைப் போட்டுவிட்டு அங்கே ஓடினார்கள். நான் சேற்றுக்காலோடு தனியாக நின்றேன்.

நேற்றுப் பண்டிகை. பூசை முடிந்து நம் கோயில் வாதுமை மரத்தடியில் கிளாரினெட் வாசிக்க எல்லாரும் வட்டமாக ஆடும்போது, ஊர்த்தலைவர் லாம்ப்ரினியை முன்னால் ஆடவிட்டார். வீடு சறுக்குகிறவளுக்கு அந்த மரியாதை. ஆடி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "கீழ வர்றப்போ என் புது வீட்டுல ஒரு காபி குடிச்சிட்டுப் போ அக்கா" என்றாள். விருந்தாளியாம் நான். நோன்பு முடிந்த நாளில் நான் கறியைத் தள்ளிவைத்தது இதுதான் முதல் தடவை.

ஆகவே ஃபோத்தி, உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. போன வருஷம் கேட்டது கணக்கில்லை, அது பல்லுக்காக. எவ்தோக்கியா போட்ட வரைபடத்தில், நகருகிற நிலத்துக்கு எல்லை காட்டும் சிவப்புக் கோடு எங்கள் நடுச்சுவரில் வந்து நிற்கிறது. அதை என் பக்கம் கொஞ்சம், ஒரு அடுப்பங்கரை அகலம் மட்டும், தள்ளிப் போடச் சொல். ஜீப் ஓட்டுகிறவன் பெரியவரின் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன், உன் சிபாரிசை விடவா பாறை பெரிது? அவருக்கென்று ஒரு டின் வெண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன், இப்போது நோன்பும் இல்லை. ஒரே வீட்டுக்கு வாழவந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் நிலம் சறுக்கினால் அது என்ன நீதி?

மாதா உன்னைக் காக்கட்டும், வளைவுகளில் உன் ஜீப்பைக் காக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைக்கு நெற்றியில் முத்தம், கண்பட்டுவிடாமல் மூன்று தடவை துப்பிவிட்டுக் கொடு.

உன் ஞானத்தாய்
பொலிக்சேனி

பி.கு. உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். எவ்தோக்கியா விடைபெற வந்தாள். கதவைச் சாத்திவிட்டு ஒரு படத்தை விரித்தாள். களிக்கல் பக்கம் பூராவும் நீலமாக இருந்தது, நீலம் என்றால் தண்ணீராம். அந்த நீலம் வால் மாதிரி நீண்டு வந்து என் பீன்ஸ் பாத்தியில் தொடங்குகிறது. "அத்தை, உங்க வாய்க்கால் தண்ணி உங்க பாறை வெடிப்புல இறங்கி நேரா அவங்க வீட்டுக்கு அடியில போகுது. அதான் சறுக்குது. தண்ணி நின்னா மண்ணும் நிக்கலாம், ரெண்டு மழைக்காலம் பாத்துட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவேன். நின்னுட்டா அவங்க எங்கயும் போக வேண்டியதில்ல" என்றாள். அவள் ஜீப் வளைவு தாண்டுவதற்குள் வாய்க்காலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டேன்.

அதனால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. பெரியவரிடம் ஒன்றும் சொல்லாதே, வெண்ணெய் உனக்குத்தான். ஊற்றுத் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் கொண்டுபோக நல்ல ரப்பர் குழாய் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு இந்த வாரமே வா. பீன்ஸ் இப்போதே தலை சாய்த்துவிட்டது. லாம்ப்ரினி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, தண்ணி விடலையா, வாடுதே" என்றாள். "உனக்குப் புது வீடு வருதுன்னு பொறாமைல எனக்குக் கை ஓடலடி" என்றேன். ரொம்பச் சந்தோஷமாகப் போனாள். நீயும் அப்படியே நினைத்துக்கொள், ஊரிலும் அப்படியே சொல். பனி விழுகிற காலத்தில் விடிந்ததும் அந்தச் சுவரில் இடிக்க எனக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.