நாற்பத்தொரு வருடச் சலசலப்பு

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. நான் நலம். உன் கண்ணும் முழங்காலும் உன் மனைவியின் வாயும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதத்தோடு கார் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர், அதற்குள் அத்தானின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தருவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நியாயம் பேசுவோம்.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, இதே காரை இரவல் வாங்கிப் போனாய். ஸீட்டில் என் பொத்தான் டப்பா இருந்தது. பன்னிரண்டு சிப்பிப் பொத்தான், ஒன்றுக்கு மட்டும் விளிம்பு உடைந்திருக்கும். கார் திரும்பி வந்தது, டப்பா வரவில்லை. கேட்டதற்கு, "நான் கண்ணாலயே பாக்கல அக்கா" என்றாய். மறுநாள் காலையிலிருந்து ஸ்டார்ட் செய்தால் மூன்று நொடிக்குச் சலசலவென்று ஒரு சத்தம். என்ன செய்து கெடுத்தாயோ. அதற்கும், "எஞ்சின்ல ஒண்ணுமில்லக்கா, உள்ள ஏதோ குலுங்குது" என்று என் காதையே குறை சொன்னாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். என் காது படிப்பை நிறுத்தவில்லை.

அத்தான் போன பிறகு ஞாயிறுதோறும் ஸ்டார்ட் மட்டும் செய்து கேட்பேன். மூன்று நொடி இப்போது ஐந்து நொடி. நாளைக்கு நடுரோட்டில் நின்றுபோனால் அக்கா ஓட்டைக் காரைத் தலையில் கட்டினாள் என்பாய் என்று மெக்கானிக்கை வரச் சொன்னேன். வந்தது ஒரு பெண். குட்டை முடி, நெற்றியில் விளக்கு. சத்தத்தைச் சொன்னதும், "டைமிங் செயினா இருக்கும் பாட்டி" என்றாள். ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். எஞ்சினுக்குள் சங்கிலி இருக்கிறதாம், பக்கத்துக்கு ஒன்று. அது தொங்காமல் முட்டுக் கொடுக்க ஆளுக்கொரு டென்ஷனர். நம் கொடிக்கயிற்றுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கிறோமே, அப்படி. பழைய டென்ஷனர் வயிற்றில் அடைத்த எண்ணெயை நம்பி நிற்கும். எண்ணெய் கசிந்தால் தளர்ந்துவிடும். புதிய ரகத்துக்கு எஞ்சினே எண்ணெய் ஊட்டிக்கொண்டிருக்கும்.

"தளர்ந்தா என்னம்மா ஆகும்?"

"செயின் சக்கரத்துல ஒரு பல்லு தாண்டும் பாட்டி. வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். அப்புறம் எஞ்சினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்."

ஒரு பல். நம் வீட்டிலும் ஒரு சொல்லில்தான் எல்லாம் இடித்தது என்று நினைத்துக்கொண்டேன். அவள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போனில் பேச வெளியே போனாள். தம்பி, என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். உள்ளே ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, நடுநடுவே வெள்ளைப் பெயின்ட் வேறு சிந்திக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டேன். திரும்பி வந்தவள் குனிந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பாட்டி, இங்க நான் வச்ச அடையாளம் எங்க?"

"அது அடையாளமா? நீ சிந்தினதுன்னு நெனச்சேன்."

"செயின் எந்தப் பல்லுல உக்காரணும்னு வச்சது. கொஞ்சம் அசைஞ்சிருக்கு. இப்ப எனக்கே தெரியல."

உன் அத்தான் முப்பது வருடம் குழந்தை மாதிரி வைத்திருந்த எஞ்சின், என் ஒரு துணியில் போவதா? கண்ணை மூடினேன். "இந்தப் பக்கம் மழுங்கின பல்லுக்கு அப்புறம் நாலாவது. அந்தப் பக்கம் பொடிக் கீறல் ஒண்ணு இருக்கும் பாரு, அதுக்கு நேரா" என்றேன். அவள் நம்பாமல் கடிகாரம் மாதிரி ஒரு கருவியை வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். "எப்படி பாட்டி?" என்றாள். "எனக்கு மறக்கத் தெரியாதும்மா, என் தம்பியைக் கேளு" என்றேன். புதிய டென்ஷனர்களை மாட்டி, கையாலேயே எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றினாள். எங்கேயும் இடிக்கவில்லை. நாளைக் காலை ஸ்டார்ட் செய்கிறோம்.

ஆக, சத்தம் எஞ்சினில்தான். நான் சொன்னதே சரி, டப்பா விஷயத்திலும் அப்படித்தான். "டப்பாவை எடுத்தது நான்தான்" என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பு. அது கைக்கு வரும்வரை சாவி கிடையாது.

உன் பிள்ளைகள் உன்னைப் போல இல்லாமல் நீடூழி வாழட்டும். உன் மனைவியை விசாரித்தேன் என்று சொல், அவள் கேட்டால் மட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: காலையில் ஸ்டார்ட் செய்தோம். அதே சலசல. அதே ஐந்து நொடி. மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு ஸீட்டுக்கு அடியில் கையை விட்டாள். ஸ்பிரிங்குக்குள் சிக்கியிருந்தது டப்பா. மூடி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறது. பன்னிரண்டும் இருக்கின்றன, விளிம்பு உடைந்தது உட்பட. பழைய டென்ஷனர் இரண்டும் தளர்ந்துதான் இருந்தன, மாற்றியது நல்லதுதான் என்கிறாள் அவள். என் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறாளோ என்னவோ. மேலே எழுதியதைக் கிழித்து வேறு எழுதக் கை வலிக்கிறது. நீ எந்த வரியும் எழுத வேண்டாம். வா. சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நானும் பக்கத்து ஸீட்டில் வருவேன். டப்பா என் மடியில் இருக்கும். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.