எறும்பு கடித்த காது

அடுத்தவருக்கு வரப்போகும் வலியைப் பற்றிப் பேச எந்தப் படிப்பும் வேண்டாம். ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நானே அதில் பெரிய நிபுணனாக இருந்தேன்.

தகுதி இல்லாமலும் இல்லை. பஞ்சாலை மிஷினில் கட்டைவிரல் நகம் போயிருக்கிறது. லாரியில் கிளீனராக ஓடியபோது ரேடியேட்டர் வெந்நீர் தொடையில் கொட்டியிருக்கிறது. நகம் முளைத்தது, தொடை ஆறியது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இதிலிருந்து நான் கண்டுபிடித்தவை: வலி வரும்போது மூச்சைப் பிடிக்காமல் ஊதி வெளியே விட வேண்டும். கண்ணை வேறு எங்காவது வைக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் வைத்து மரத்துப்போக விட வேண்டும். (ஊசியைக் கண்டால் மட்டும் எனக்கு உள்ளங்கால் வியர்க்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.)

எண்பதுகளின் கடைசியில், சூரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா கடிதம் போட்டாள். மகள் செல்விக்குக் காதுகுத்து. 'நீ வந்து மடியில வைக்கணும். ஒந்தம்பி எங்க வரப்போறான்னு மாமியார் இப்பவே ஏசுதாக.' அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று அக்காவுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். ஏற்கெனவே இரண்டு விசேஷங்களுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தவன். இந்த முறையும் ஏமாற்றினால் அந்த வீட்டில் அவள் தலை நிமிர முடியாது.

போனேன். ராஜபாளையத்தில் இறங்கி, ஐஸ் கம்பெனியில் செங்கல் அளவுக்கு ஒரு கட்டி வாங்கி, உமியில் புரட்டி, சாக்கில் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் தன் நனைந்த வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீதி தூரத்தை நின்றுகொண்டே வந்தார்.

ஊருக்கு வெளியே குலசாமி கோயில். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு ஐந்து வயது செல்வி என் மடியில் உட்கார்ந்தாள். எதிரே ஆசாரி தங்கக் கம்பியின் நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நுனி மின்னியது. நான் மேற்கே தெரிந்த மலையைப் பார்த்தேன்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் செல்வி. பயப்படாத."

"கட்டெறும்பா, சித்தெறும்பா?"

"சித்தெறும்பு."

"ஒங்களுக்கும் அப்படித்தான் கடிச்சுச்சா மாமா?"

"ஆமா."

அவள் திரும்பி என் காது மடலைப் பிடித்தாள். புரட்டிப் பார்த்தாள். அடுத்த காதையும் பார்த்தாள்.

"ஓட்டையே இல்லையே!"

சுற்றியிருந்தவர்கள் என் காதை எட்டிப் பார்த்தார்கள். உண்மை இதுதான்: எனக்குக் காது குத்த உட்கார வைத்த அன்று என் தாய்மாமன் மடியிலிருந்து குதித்து ஓடி, வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாயங்காலம்தான் பிடித்தார்கள். என் ஊர் சுற்றல் அன்று தொடங்கியது. மொட்டையோடு போதும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

அக்காவின் மாமியார் எழுந்து அக்காவிடம் வந்தார். "ஏட்டி சம்முகத்தாயி, ஒங்க வீட்டுல இதைக்கூடச் செய்யலியா? மூளிக்காதன் மடியிலயா எம் பேத்திக்குக் காது குத்த?"

அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள். செல்விதான் தீர்ப்புச் சொன்னாள்: "மாமா மொதல்ல குத்தட்டும். அவுக அழலைன்னா நான் குத்திக்கிடுதேன்."

"அதுவும் சரிதான்" என்றார் மாமியார்.

"நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி நேரந்தான்" என்றார் ஆசாரி. "ஒரு செப்புக் கம்பி கிடக்கு. ஆகட்டுமா?"

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வத்திராயிருப்பு பஸ்ஸாகத்தான் இருக்கும். என் கால் தானாக மடங்கி எழுந்துகொள்ளப் பார்த்தது. அக்கா நிமிர்ந்தாள். என் கால் என்ன நினைக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏலே, போயிராதலே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

உட்கார்ந்தேன். ஆசாரி இரண்டு மடல்களிலும் பேனாவால் புள்ளி வைத்தார். ஐஸைத் தேடினால், மடியில் இருந்தபடியே செல்வி அதில் பாதியைச் சப்பித் தின்றிருந்தாள். மீதியை எடுத்து வலது காதில் வைத்து அழுத்தினேன். காது மரத்தது, கழுத்து மரத்தது, சட்டை நனைந்தது. இன்னும் கொஞ்சம் மரக்கட்டும் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"ஏய்யா, நான் வச்ச புள்ளி எங்க?" என்றார் ஆசாரி.

புள்ளி கரைந்து, நீல ஆறாகித் தாடை வரை ஓடியிருந்தது. திரும்ப வைக்க ஈரத்தில் மை பிடிக்கவில்லை. "நேரமாச்சு, ஒரு குத்துமதிப்பாக் குத்துதேன்" என்று கம்பியை எடுத்தார். மலையைப் பார்க்க வேண்டியவன் கம்பியைப் பார்த்தேன். மூச்சை விட வேண்டியவன் பிடித்துக்கொண்டேன். பிடித்த மூச்சு பிடித்தபடியே இருக்க, கம்பி வலது காதில் இறங்கியது; உலகம் மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது.

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. செல்வியையும் சேர்த்துக்கொண்டு பாயில் மல்லாந்துவிட்டேன். அவள் என் வயிற்றின் மேல் உட்கார்ந்து, வாயைப் பிளந்து என் முகத்தையே பார்த்தாளாம். "மாமா செத்துட்டாகளா?" என்று கேட்டாளாம். அந்த ஆச்சரியத்துக்குள் ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார். அவள் ஒரு 'ஸ்' சொன்னதோடு சரி.

கண் விழித்தபோது என் வயிற்றின் மேலேயே வழக்கு நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் குத்த வேண்டியதை வயிற்றில் வைத்துக் குத்தியது செல்லுமா? எல்லோரும் மாமியார் வாயையே பார்த்தார்கள். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை அளந்தார்.

"மடிக்கும் வயித்துக்கும் எம்புட்டுத் தூரம்? ஒரு சாண். செல்லும், செல்லும். ஓடாமக் கிடக்கான்லா, அது போதும்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் அடங்கவில்லை. புகுந்த வீட்டார் முன்னால் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

என் வலது காதின் துளை இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கிறது. இடது காதில் துளையே இல்லை. மயங்கிக் கிடப்பவனுக்குக் குத்த மாட்டேன் என்று ஆசாரி கம்பியை எடுத்து வைத்துவிட்டார். பின்னால் பம்பாய்ப் பக்கம் திரிந்தபோது இதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

செல்விக்கு இப்போது ஒரு மகள். போன மாதம் போன் செய்தாள்.

"மாமா, பாப்பாவுக்குக் காது குத்துதோம். நீங்க கட்டாயம் வரணும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. "உன் தம்பி இருக்கானே, அவன்தான மடியில வைக்கணும்?" என்றேன்.

"அவன் வச்சுக்கிடுவான் மாமா. நீங்க பக்கத்துல விழுந்தாப் போதும்."