என் போனில் கத்தும் லாரி

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நானும் குழந்தையும் நலம். தங்கள் மாப்பிள்ளையும், என் போன் கடைசியாகக் கத்தியபோது, நலமாகவே இருந்தார். தாங்களும் அண்ணியும், தங்கள் எட்டு லாரிகளும், அவற்றின் நாற்பத்துச் சொச்சம் டயர்களும் குறைவின்றி இருக்க விரும்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று தங்களுக்குத் தோன்றும். போனில் சொன்னால் "சரி சரி, பாக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது, ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மாப்பிள்ளை தங்களிடம் வேலையை விடப்போகிறார். திங்கட்கிழமை முதல், பழைய தகரம் வாங்கி விற்கிற தகரக்காரரின் லாரியை ஓட்டப்போகிறாராம். அந்த லாரிக்கு என்னைவிட வயது அதிகம். பாதுகாப்புக் கருவி என்று அதில் இருப்பது ஹாரன் ஒன்றுதான், அதுவும் வண்டி பள்ளத்தில் இறங்கினால் தானாக அடிக்குமே தவிர, அழுத்தினால் அடிக்காதாம்.

லாரிகளில் கருவி பொருத்தச் சொல்லித் தங்களை அரித்தவள் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினாலும் எனக்கு எங்கோ டயர் வெடித்த மாதிரி இருக்கிறது. நீங்களும் மனமிரங்கி, முன்னால் போகிற வண்டியை நெருங்கினால் கத்துகிற கருவி, கோட்டைத் தாண்டினால் கத்துகிற கருவி, டிரைவர் முகத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்து அவர் கொட்டாவி விட்டால் கத்துகிற கருவி, வேகத்தை எண்பதுக்கு மேல் விடாமல் பிடித்து வைக்கிற கருவி என்று வரிசையாகப் பொருத்தினீர்கள். போதாக்குறைக்கு அவை கத்துவதெல்லாம் என் போனிலும் கேட்கும்படி ஒரு செயலியை ஏற்றித் தந்து, "இனிமே நீ நிம்மதியா இரு" என்றீர்கள். அன்றோடு போயிற்று நிம்மதி. குழந்தையைக் குளிப்பாட்டினால் கத்துகிறது. சோறு ஊட்டினால் கத்துகிறது. "இடைவெளி குறைவு" என்று வந்தால் ஒரு மனைவி என்ன செய்வாள், சொல்லுங்கள். போன் போட்டேன்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. கார் ஒண்ணு குறுக்க வந்துச்சு."

"எவ்வளவு கிட்ட?"

"இப்ப போயிடுச்சு. வை."

வைத்த கையோடு என் போன் மறுபடி கத்துகிறது: "டிரைவர் கவனம் சிதறுகிறது." கவனம் எதனால் சிதறுகிறது என்று கேட்க மறுபடி கூப்பிட்டேன். அதற்கும் கத்தியது. அதையும் கேட்கக் கூப்பிட்டேன். புள்ளியியலில் பட்டம் வாங்கியவள் என்று சொல்லிக்கொள்ள இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு வேறென்ன தோன்றும்?

இப்படியிருக்க, போன வாரம் டிரைவர்களின் கருத்தைக் கேட்கிறேன் பேர்வழி என்று ஷெட்டில் ஒரு கூட்டம் போட்டாய் அல்லவா. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வந்து, டயர் அடுக்கியிருந்த மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரில் டிரைவர்களின் மதிப்பெண் தாள். நல்ல மதிப்பெண்ணுக்குச் சிரிக்கிற முகம், கெட்ட மதிப்பெண்ணுக்கு அழுகிற முகம். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு யாராவது இப்படி அழுமூஞ்சி ஒட்டுவார்களா? கடைசியில் இருந்த அழுமூஞ்சி உன் மாப்பிள்ளைக்கு. கடைசியில் வருகிறவரை நெடுஞ்சாலையிலிருந்து எடுத்து, ஷெட்டுக்குள் வண்டியைத் திருப்பிப் போடும் வேலையில் விடுவேன் என்று வேறு சொல்லிவைத்திருந்தாய். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டபோதும் அப்படித்தான் பார்த்தார்.

"கருத்து கேட்டீங்க, சொல்றேன்" என்று முதலில் எழுந்தவர், நீங்கள் எல்லாரும் ஏர் ஹாரன் என்று கூப்பிடுகிறவர். "முன்னாடி இடம் விடுன்னு பொட்டி சொல்லுது. விடறேன். விட்ட இடத்துல ஒரு கார்க்காரன் வந்து உக்காந்துக்கறான். அவனுக்கும் இடம் விடுங்கறது. விட்டா இன்னொருத்தன் வரான். இப்படியே விட்டுக்குடுத்துட்டே போனா, சரக்கு ஏத்துன குடோனுக்கே ரிவர்ஸ்ல போய்ச் சேருவேன் முதலாளி."

"ஓவர்டேக் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று நீ கேட்டாய்.

"எதை வச்சு? எண்பதுல கட்டிப் போட்டிருக்கீங்க. முன்னாடி போறவன் எழுபத்தொம்பது. அவனைத் தாண்டறதுக்குள்ள அவன் பொண்ணு என்ன படிக்குது, எந்த ஊர்ல வரன் பாக்கறாங்க எல்லாம் பேசி முடிச்சுட்டோம். பின்னாடி நிக்கிற கார்க்காரங்க எங்க பரம்பரையையே திட்டறாங்க."

அடுத்து எழுந்தவர் தூங்குமூஞ்சி. பாவம், பிறவியிலேயே அவருக்கு அரைக்கண். "நான் முழிச்சிட்டிருந்தாலும் தூங்கறேன்னு கத்துது. காபி குடிக்கறப்பவும் கத்துது. என் கண்ணே இவ்வளவுதான், எங்கம்மாகிட்ட போய்க் கேக்கச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு நாள் நெஜமாவே சொக்கிட்டேன். அன்னைக்கும் கத்துச்சு. புலி வருது கதைதான், நான் கண்டுக்கல. தடுப்புல உரசினப்பதான் முழிச்சேன்" என்றார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய், அதையும் நான் பார்த்தேன்.

அப்புறம்தான் நீ திரையை இறக்கினாய். "நம்ம மாப்பிள்ளை போட்ட சடன் பிரேக்கைப் பாருங்க. சொந்தக்காரன்னு பாக்க மாட்டேன், ரூல்னா ரூல்தான்." படம் ஓடியது. லாரி அது பாட்டுக்குப் போகிறது. தப்பான பக்கமாக ஒரு வெள்ளைக் கார் விருட்டென்று ஏறி, லாரியின் மூக்குக்கும் தன் வாலுக்கும் நடுவே ஒரு முழம்கூட விடாமல் நுழைந்து, நுழைந்த வேகத்தில் பிரேக் அடிக்கிறது. லாரி குலுங்கி நிற்கிறது.

"இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்? நம்பரைக் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்க முதலாளி" என்றார் ஏர் ஹாரன்.

ரிமோட்டைத் தேடினாய். உன் கையிலேயே இருந்த ரிமோட்டைத் தேடினாய் அண்ணா. அதற்குள் காரின் பின்கண்ணாடி பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடியில் தலைகீழாக ஒட்டிய ஒரு யானை ஸ்டிக்கர். அதை ஒட்டிய என் குழந்தை மடியிலிருந்து எழுந்து நின்று, திரையைக் கை நீட்டி, தெள்ளத் தெளிவாக, "மாமா" என்றது. ஒன்றரை வயதில் அது திருத்தமாகச் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான்.

ஷெட்டே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். உனக்கு முகம் சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற மீதி அழுமூஞ்சிக் காரணங்களைப் படிக்க ஆரம்பித்தாய்: "போன் பாத்தார், போன் பாத்தார், போன் எடுத்தார், போன் பாத்தார். எல்லாம் ஒரே நம்பர். யாருதுன்னு சொல்லட்டுமா?" சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் டயர் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏர் ஹாரன் பக்கத்திலிருந்தவர் காதில், "இத்தனை காசைக் கொட்டி மெஷின் கண்டுபிடிச்சது ரோட்ல ரெண்டே ஆபத்து. ஒண்ணு முதலாளி, இன்னொண்ணு முதலாளியோட தங்கச்சி" என்று ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம் எதிர் வரிசை பஞ்சர் கடை வரைக்கும் கேட்டது.

இதில் என் பங்கு சிறியது. கவலையினால் வந்தது. உன் பங்கு அவசரத்தினால் வந்தது. கவலைக்கும் அவசரத்துக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியாதா? எங்கே அப்படிப் பறந்தாய் என்று அண்ணியிடம் விசாரித்தேன். முடிவெட்டிக்கொள்ளப் போனாயாம். உன் தலையில் வெட்ட என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமையில்லை, ஆனால் அதற்காக என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள் வண்டி திருப்ப வேண்டுமா? அவர் பிரேக் அடித்ததால் உனக்குத் தலை இருக்கிறது. பெட்டி அதற்கு அழுகிற முகம் போட்டிருக்கிறது.

ஆகவே, திங்கட்கிழமைக்குள் அவர் கணக்கிலிருந்து அந்த பிரேக்கைக் கழித்துவிடு. என் போன்களையும் கழித்துவிடு, கூப்பிட்டவளை விட்டுவிட்டு எடுத்தவரைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? சுவரிலிருக்கிற முகங்களைக் கிழித்துப் போடு. உன் காரிலும் ஒரு பெட்டியைப் பொருத்து, அது கத்துவது அண்ணியின் போனில் கேட்கட்டும். பேசிவிட்டேன், அவர்களுக்குப் பூரண சம்மதம். நானும் என் போனிலிருந்து அந்தச் செயலியை இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும் முன்பே அழித்துவிட்டேன். அழித்ததும் வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது தெரியுமா. குழந்தை மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. தகரக்காரரின் அந்த ஓட்டை லாரியில் மட்டும் அவரை ஏறவிடாதே அண்ணா. வேறெதுவும் நான் கேட்கவில்லை.

நடுவில் மரியாதை குறைந்து "நீ" என்று எழுதியிருப்பது திருப்பிப் படிக்கும்போது தெரிகிறது. திருத்த மனமில்லை, தாங்கள் பெரியவர், பொறுத்துக்கொள்ளவும். அண்ணிக்கு என் அன்பு. தாங்கள் நிதானமாகப் போய், நிதானமாக முடிவெட்டிக்கொண்டு, நூறாண்டு வாழ வேண்டும்.

தங்கள் அன்புத் தங்கை

பி.கு.: உறையில் போடும் முன் ஒரு விஷயம். வீடு ரொம்பவும் அமைதியாக இருந்ததால் பயமாகிவிட்டது. செயலியைச் சும்மா ஒரு தடவை ஏற்றிப் பார்த்தேன். ஏற்றியதுமே "டிரைவர் கண் மூடியிருக்கிறது" என்று அலறியது. பதறிக் கூப்பிட்டேன். வண்டியை ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டிவிட்டு, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எஞ்சின் ஓடினால் வண்டி ஓடுவதாகப் பெட்டிக்கு நினைப்பு. "தகரக்காரர்கிட்ட வேணாம், உங்கண்ணன்கிட்டயே இருந்துடலாம்னு நினைச்சுட்டுதான்டி படுத்தேன்" என்றார். அது படுக்கும்போது இருந்த நினைப்பு, நான் எழுப்பிவிட்ட பிறகு என்ன நினைப்போ தெரியவில்லை. அவர் அதைச் சொல்லி முடிக்கும் முன் என் போன் கத்தியது: "டிரைவர் கவனம் சிதறுகிறது." அந்த ஒன்றையும் கழித்துக்கொள்ளவும்.