கடைக்குள் ஒரு மெழுகுப் பொம்மை

கல்லாவுக்குப் பின்னால் இருந்த சாய்வு நாற்காலியில் காப்பாளரின் மாமியார் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் செங்கல் வீட்டையும் அதன் முன்பக்கத்துப் பலசரக்குக் கடையையும் அருங்காட்சியகமாக்கிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் ஈ காக்கா உட்கார்ந்ததில்லை. யாராவது உட்கார்ந்தால் காப்பாளரின் வேலைக்கே உலை.

காப்பாளர் எழுப்பத்தான் போனார். மனசு வரவில்லை. அவர் மனைவிக்குப் பிரசவமானதிலிருந்து பிள்ளையை விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர் இந்த அத்தைதான். மருமகன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

பாவம், கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று அவர் நினைத்ததுதான் தாமதம், வாசலில் கார் வந்து நின்றது. மேலதிகாரி!

“யாருய்யா இது?”

“மெழுகுப் பொம்மை சார். புதுசு. கடைக்காரம்மா.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். “அடேங்கப்பா! உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கே!”

பொம்மை குறட்டை விட்டது.

“என்ன சத்தம்?”

“அந்தச் சுவர்க்கடிகாரம் சார். ரொம்பப் பழசு.”

“முள்ளே ஓடலையே?”

“முள்ளு நின்னுடுச்சு சார். சத்தம் மட்டும் ஓடுது.”

“அப்ப கழட்டு. பழுது பார்க்கக் கொண்டுபோறேன்.”

காப்பாளர் முக்காலி மேல் ஏறிக் கழற்றினார். கடிகாரம் டிரைவரின் கையோடு காருக்குப் போயிற்று. குறட்டை போகவில்லை.

“என்னய்யா, சத்தத்தை இங்கேயே விட்டுட்டுப் போயிடுச்சே?”

அத்தை தூக்கத்திலேயே புரண்டு, “மாப்பிள்ளை, சாப்டீங்களா?” என்றார்.

“பே... பேசும் பொம்மை சார்!”

“என்னை மாப்பிள்ளைங்குதே!”

“வர்றவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும் சார். மரியாதை!”

“அப்படியா? இன்னொரு தடவை பேசச் சொல்லு பார்ப்போம்.”

காப்பாளர் காதருகே குனிந்தார். களைத்த அந்த முகத்தைப் பார்த்ததும் தயாராக வைத்திருந்த பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“சாப்பிட்டேன் அத்தை. நீங்க தூங்குங்க.”

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “அருமையான பொம்மை. பத்திரமா பார்த்துக்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

அப்பாடா என்று காப்பாளர் நெற்றியைத் துடைத்தார். அப்போது டிரைவர், கையில் ஒரு கம்பளிப் போர்வையோடு, பூனைபோல் அடி வைத்து உள்ளே வந்தார்.

“ஐயா குடுத்து விட்டாருங்க,” என்று கிசுகிசுத்தார். “பொம்மைக்குக் கால் குளிருமாம். எழுப்பிடாம போர்த்தி விடணுமாம்.”