மாமனார் முதுகில் பப்பாளிப் பால்

என் மாமனாரின் முதுகுத் தோலை உரித்தவன் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உள்ளங்கை அகலத்துக்கு உரிந்துபோனது. கல்யாணமாகி எட்டே மாதமான மாப்பிள்ளை செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் மாதமே செய்திருப்பேன், சந்தர்ப்பம்தான் அமையவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் விலங்கியல் சோதனைச்சாலையில் டெமான்ஸ்ட்ரேட்டர். (தவளையை மல்லாக்கப் போட்டு ஊசி குத்திக் கொடுக்கும் வேலை. பெண் வீட்டில் 'ஆராய்ச்சி' என்று சொல்லி வைத்திருந்தேன்.) மாமனாருக்கு வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளப் பக்கம் தோட்டம். ஐம்பத்திரண்டு வயதில் உரமூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கப் போய்க் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். இடுப்பில் பிடித்த வலி இடது காலோடு சுண்டுவிரல் வரை இறங்கியது.

கோயமுத்தூர் டாக்டர் முதுகில் மருந்து ஏற்றிப் படம் எடுத்துப் பார்த்தார். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆறு வாரம் எழுந்திருக்காமல் கிடந்தால் தானாக அடங்கினாலும் அடங்கும் என்றார். மாமனார் ஆறு நாள்கூடக் கிடக்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை வந்துவிட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே வாய்க்காலுக்குப் போய்விடுவார். பாதம் மரத்துப்போக ஆரம்பித்ததும், முதுகைத் திறந்து வட்டை எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

ஊரில் யாருக்கும் பயப்படாத மனிதர் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க மாப்பிள்ளை, அறுத்ததுக்கப்புறம் காலு வராமப் போச்சுன்னா என்னுங்க பண்றது? நீங்க படிச்சவீங்க. வேற வழி ஏதாச்சும் இருக்குங்களா?"

பெண் கொடுத்த நாளிலிருந்து அவர் என்னிடம் யோசனை கேட்டதே இல்லை. அதுவரை என்னை அவர் பார்த்த பார்வை, சந்தையில் தவறிப்போய் வாங்கிவிட்ட மாட்டைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படியும் இவரைக் கத்தியிலிருந்து காப்பாற்றியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

மறுநாளே டாக்டரிடம் ஓடினேன். வெளிநாட்டில் சில இடங்களில் முதுகைத் திறக்காமல், எக்ஸ்ரேயில் பார்த்தபடியே நீள ஊசியை வட்டுக்குள் செலுத்தி, பப்பாளிப் பாலிலிருந்து சுத்திகரித்து எடுத்த ஒரு மருந்தை விடுகிறார்கள், பிதுங்கினது கரைந்துவிடுகிறது, ஆனால் நம்மிடம் அந்த மருந்தும் இல்லை, அதில் பழகிய கையும் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இத்தனையும் சொன்னார். என் காதில் விழுந்தது பப்பாளி மட்டும்தான்.

மாமனார் தோட்டத்துக் கிணற்று மேட்டில் பப்பாளி நான்கு நின்றது. விடிந்ததும் சவர பிளேடால் காய்களைக் கீறி, சொட்டிய பாலை ஒரு டம்ளரில் பிடித்தேன். ஊசியெல்லாம் வேண்டாம், கெட்டியாகப் பூசிக் கட்டினால் தோல் வழியாக உள்ளே இறங்கும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. என் மனைவி சரசு வாசலிலேயே தடுத்தாள். "அது முத்தின கறி வேகறதுக்குப் போடறதுங்க. எங்கப்பன் மேல எதுக்குப் போடறீங்க?" கறி வேகுமென்றால் வட்டும் வேகும், இதுதான் விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மாமனார் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை, சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அரை மணியில் எரிகிறது என்றார். மருந்து இறங்குகிறது மாமா என்றேன். ஒரு மணியில் ரொம்ப எரிகிறது என்றார். நன்றாக இறங்குகிறது என்றேன். மத்தியானம் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். சரசு கட்டை அவிழ்த்தாள். துணியோடு தோலும் வந்தது. சுற்றிலும் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள்தான் இருந்தது. மாட்டுத்தீவனம் ஏற்றும் வேன் ஒன்றைப் பிடித்து, அவரைக் குப்புறக் கிடத்தி, துணி புண்ணில் ஒட்டாமலிருக்க முதுகின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வேட்டியால் மூடி, நானும் சரசுவும் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதுகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். "தவளையோட நிறுத்திக்குங்க" என்றார். புண்ணுள்ள தோலில் கத்தி வைக்க முடியாது, ஆறும்வரை குப்புறவே கிடக்கட்டும் என்று மருந்து தடவித் திருப்பி அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மாமனார் வாயைத் திறக்கவில்லை. சரசு என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இந்த வீட்டில் என் கதை முடிந்தது, அதுகூடப் பரவாயில்லை, இவர் கால் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று உள்ளுக்குள் அழுதுகொண்டே வந்தேன்.

வாளையார் செக்போஸ்டில் வேனை நிறுத்தினார்கள். அது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கடத்தல் அமோகமாக நடந்த காலம். தீவன வண்டி, உள்ளே வேட்டி போட்டு மூடிய ஒரு மேடு. உத்தியோகஸ்தர் மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசியோடு ஏறி, "என்தா இது? அரியாணோ?" என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கினார்.

கூடைக்கு அடியிலிருந்து மாமனாரின் குரல் நிதானமாக வந்தது.

"அரிசி இல்லீங்க சார், கறி. எங்க மாப்பிள்ளை பப்பாளிப் பால் போட்டு ஊற வெச்சிருக்காருங்க."

உத்தியோகஸ்தர் வேட்டியையும் கூடையையும் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். முதலில் சரசுதான் சிரித்தாள். பிறகு கூடை குலுங்கியது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

புண் ஆற ஐந்து வாரம் பிடித்தது. தண்ணீர் முறை நான்கு தடவை வந்து போயிற்று, வாய்க்காலுக்கு நான்தான் போனேன். எழுந்து உட்கார்ந்தபோது கால் வலி பாதிக்குமேல் போயிருந்தது, மரத்த பாதத்தில் உணர்ச்சி திரும்பியிருந்தது. கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பப்பாளிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, கிடந்ததுதான் வைத்தியம் என்பதை அழுத்தி இரண்டு தரம் சொன்னார், என்னைப் பார்த்து.

இருபது வருடம் கழித்து என் மகளுக்கு நிச்சயம் ஆன அன்று, மாமனார் வரப்போகும் மாப்பிள்ளையை ஓரமாக அழைத்துப் போய்ச் சட்டையைத் தூக்கி இடுப்புத் தழும்பைக் காட்டினார். "எங்க வலிச்சாலும் நல்ல டாக்டராப் பாருங்க. உங்க மாமனாருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

பையன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டான். போன தீபாவளிக்கு வந்தவன் கோணலாக நடந்ததைப் பார்த்து, முதுகு வலியா மாப்பிள்ளை என்று அன்பாகத்தான் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து, "தலைவலிங்க மாமா" என்றான்.