ஒரு கட்டம் மேலே

மனைவியின் படத்தை ஒரு கட்டம் மேலே தூக்கி வைத்ததும் பல் டாக்டருக்குத் தலை நசுங்கிவிட்டது. நிஜத் தலை இல்லை, க்ளினிக்கின் இணையப் பக்கத்தில் இருந்த தலை. நேற்றுவரை உருண்டையாக, மீசையோடு சிரித்துக்கொண்டிருந்த முகம் இப்போது கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது போல ஒல்லியாக நீண்டு நின்றது. பக்கத்தில் மனைவியின் முகம் இரண்டு ஆள் அகலத்துக்கு விரிந்திருந்தது.

"போகட்டும், அவ மேல வந்துட்டா இல்ல," என்று டாக்டர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

விஷயம் இதுதான். புருஷன், பெண்டாட்டி இருவருமே பல் டாக்டர்கள். ஒரே க்ளினிக், அடுத்தடுத்த அறை. பல்லை எப்பாடு பட்டாவது காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் அம்மாவின் அறைக்குப் போவார்கள். சனியன் தொலைந்தால் போதும் என்பவர்கள் ஐயாவின் அறைக்கு வருவார்கள். இத்தனை வருஷத்தில் இந்த ஏற்பாட்டில் ஒரு சண்டை வந்ததில்லை.

போன வாரம் மெயின் ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மனைவிக்கு அழைப்பு வந்தது. பல் பிரிவுக்கே தலைவியாக வாருங்கள் என்றார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அவள் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து டாக்டர் நாளைக்குப் பத்துத் தடவை அவள் அறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இல்லாத க்ளினிக்கை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மிஷின் சத்தம் கேட்டால்தான் இந்தப் பக்கம் இவருக்கு வேலை ஓடும்.

இந்த நேரம் பார்த்துத்தானா மச்சினி நேற்று சாயங்காலம் போன் பண்ண வேண்டும்?

"என்ன அத்தான், உங்க வெப்சைட்டுல அக்காவை உங்க காலடியில போட்டு வச்சிருக்கீங்க?"

ஸ்பீக்கரில் கேட்ட மனைவி அப்போது சிரித்தாள். ஆனால் ராத்திரியிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. காலையில் காபி டம்ளரை நீட்டினால் வேண்டாமென்று தலையாட்டல். "ஏம்மா கோவமா?" என்று கேட்டால் அதற்கும் ஒரு தலையாட்டல். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசத் தெரியாத பெண்பிள்ளை இல்லை அவள். பேசவில்லை என்றால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் அவளை மேலே ஏற்றிவிடுவது என்று டாக்டர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

அந்த இணையப் பக்கத்தைக் கட்டியதும் அவர்தான். பல வருஷம் முன்பு ஒரு லீவில் தானாகவே கற்றுக்கொண்டு செய்தது. பக்கம் முழுக்க ஒரே பெரிய அட்டவணை. கோடுகளை மறைத்துவிட்டால் அட்டவணை இருப்பதே யாருக்கும் தெரியாது. மேல் கட்டத்தில் அவர் படம், கீழ்க் கட்டத்தில் மனைவி படம், ஓரக் கட்டத்தில் பார்க்கும் நேரம். அடியில் கெட்டுப்போன பற்களின் படங்கள். எல்லாப் படங்களுக்கும் கீழே ஒரு வரி விளக்கம். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள்ளே இன்னொரு கட்டம். ஒன்றை அசைத்தால் இன்னொன்று அசையும். இப்போதெல்லாம் யாரும் இப்படிக் கட்டுவதில்லை என்று மச்சினி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். டாக்டர் காதில் வாங்கினால்தானே?

நசுங்கிய தலையை உற்றுப் பார்த்தவருக்குக் காரணம் பிடிபட்டது. இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு காலிக் கட்டம். ஒன்றுமே இல்லாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உனக்கு இங்க என்னடா வேலை?" என்றார். பிடுங்கி எறிந்தார்.

தலை சரியாகிவிட்டது. டாக்டர் கை தட்டாத குறைதான். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தின் அடிப்பகுதியைப் பார்க்காமலே பதிவேற்றிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நோயாளி உட்காருவதற்குள் மச்சினி போனில் வந்துவிட்டாள்.

"அத்தான், உங்களுக்கு அக்கா மேல என்னதான் கோவம்?"

"ஏன்? மேலதானே வச்சிருக்கேன்?"

"வச்சது சரி. படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா? 'வேர் வரை சொத்தை. இனியும் தள்ளிப்போடக் கூடாது.'"

டாக்டர் ஓடிப்போய்ப் பார்த்தார். காலிக் கட்டம் போனதில் பற்களின் விளக்கங்கள் மேலே ஏறி, டாக்டர்களின் விளக்கங்கள் கீழே போயிருந்தன. அவர் மீசைக்கு நேர் கீழே, "ஆட்டம் கண்டுவிட்டது. அகற்றுவதே நல்லது." சொத்தைப் பல்லின் படத்துக்குக் கீழே, "முப்பது வருட அனுபவம் உள்ளவர்."

"ஐயோ, ஐயோ," என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

நாற்காலியில் காத்திருந்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "நான் வேணா அப்புறம் வரட்டுமா?" என்றார்.

"நீங்க உக்காருங்க, ஒரே நிமிஷம்."

எந்தக் கட்டம் எங்கே போய் மாட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே சரி செய்ய முடியும்? மறைத்து வைத்திருந்த கோடுகளையெல்லாம் தெரியும்படி செய்தார். நல்ல தடிமனாகவே செய்தார். பிடுங்கிய காலிக் கட்டத்துக்குப் பதிலாகப் புதுசாக ஒன்று வைத்தார். அது நிற்கவில்லை. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க இன்னும் இரண்டு காலிக் கட்டங்கள் வைத்தார். அவற்றைப் பிடித்துவைக்க ஒரு குட்டி அட்டவணை. விளக்கங்கள் எல்லாம் ஒருவழியாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பின. அப்படியே பதிவேற்றிவிட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு போலீஸ்காரரிடம் வந்தார்.

போலீஸ்காரர் கைபேசியை நீட்டினார். "டாக்டர், தப்பா நினைக்காதீங்க. நீங்களும் அம்மாவும் ஏதாவது கேஸுல மாட்டிக்கிட்டீங்களா?"

கோடுகளை மறுபடி மறைக்க மறந்துபோயிருந்தார். கறுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், "பார்க்கும் நேரம்: காலை பத்து முதல் ஒன்று வரை."

டாக்டர் அவசர அவசரமாக ஊசியைப் போட்டார். "மரத்துப்போகட்டும். வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கம்ப்யூட்டருக்கு ஓடினார்.

அங்கே மனைவி நின்றுகொண்டிருந்தாள். திரையில் கம்பிகள். அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர். டாக்டர் இரண்டு கையையும் கூப்பினார்.

"இல்லம்மா, நான் உன்னை உள்ள வைக்கல. சத்தியமா கோடு மறைக்க மறந்துட்டேன். ஏதாவது சொல்லேன்? திட்டவாவது செய்யேன்!"

அவள் கையை உயர்த்தி, போதும் என்பது போலக் காட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

டாக்டர் ஜன்னல் வழியே அவள் போவதைப் பார்த்தார். பிறகு வரவேற்பு மேஜைக்கு வந்தார். அங்கே உட்காரும் பெண் க்ளினிக் திறந்த நாளிலிருந்து இருப்பவள். டாக்டருக்குத் தெரியாத க்ளினிக் சமாச்சாரம்கூட அவளுக்குத் தெரியும்.

"எங்க போறா?"

அவள் தயங்கினாள். "அது வந்து... சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க சார்."

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே?"

அவள் பேனா மூடியைக் கடித்தாள். அதுவே போதுமே! டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு படத்தை முதல் நாளே ஒழுங்காக ஒரு கட்டம் மேலே வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா? எல்லாம் தன் திமிர்தான் என்று மனசார நொந்துகொண்டார்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இனி பாதி வைத்தியம் உதவாது. தன் படத்தைப் பிடுங்கினார். பார்க்கும் நேரத்தைப் பிடுங்கினார். சொத்தை, ஆட்டம், முளைக்காதது, எல்லாவற்றையும் வரிசையோடு பிடுங்கினார். காலிக் கட்டங்களை ஒன்று விடவில்லை. கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே கட்டம், அதில் மனைவியின் படம். தடுக்க யாரும் இல்லாததால் அது விரிந்தது, விரிந்தது, திரை முழுக்க விரிந்து, அதற்கு மேலும் போனது. கண்ணும் மூக்கும் வெளியே போய்விட்டன. தெரிந்ததெல்லாம் ஒரு பக்கக் கன்னம் மட்டும்தான்.

"தேவி, இதைப் பாத்தாவது திரும்பி வந்துடு," என்று வாய்விட்டே சொல்லிப் பதிவேற்றினார்.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுகூடக் கழற்றாமல் வாசலுக்கு ஓடினார். அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"சார், உள்ள ஒருத்தர் பாதி வாய் மரத்துப்போய்க் கிடக்கார்! இந்தக் கோலத்துல எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு! கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டு வரப்போறேன். வழிய விடு!"

உள்ளேயிருந்து போலீஸ்காரர் என்னவோ கேட்டார். மரத்த வாயில் அது யாருக்கும் புரியவில்லை.

"போகாதீங்க சார். மேடத்துக்கு அசிங்கமாப் போயிடும்."

"என்ன அசிங்கம்? என் பொண்டாட்டி என்னை விட்டுட்டு இன்னொரு இடத்துல வேலைக்குச் சேரப் போறா. நான் போய்க் கெஞ்சறதுல என்ன அசிங்கம்?" டாக்டர் வண்டிச் சாவியை ஆட்டினார். "ஒரு கட்டம் கீழ வச்சதுக்கு ராத்திரியிலேருந்து என்கிட்ட வாயே திறக்கல தெரியுமா உனக்கு?"

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"வேலையாவது ஒண்ணாவது, அதைத்தான் போன வாரமே வேண்டாம்னு சொல்லிட்டாங்களே! ராத்திரியிலேருந்து கடைவாய்ப் பல்லு வலி உயிர் போகுது சார், உங்க முன்னாடி வாயத் திறந்தா பிடுங்கிடுவீங்கன்னு பயந்துக்கிட்டு, அதைக் காப்பாத்த அங்க ஓடியிருக்காங்க!"