அல்ஃபேயின் சொந்தப் பெரணித் தோட்டம்

இந்த வருடம் தொட்டியில் கை வைக்கப் போவதில்லை என்று மார்ச் மாதத்து முதல் ஞாயிறன்று, பூசை முடிந்து வரும் வழியில், அல்ஃபே சபதம் எடுத்தார். சத்தமாக எடுக்கவில்லை. மனைவி ஸெலிகா பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

தொட்டி என்றால் தீயணைப்பு நிலையத்துத் தொட்டி. மே மாதம் ரெஸ்டிகூஷ் ஆற்றில் வெள்ளம் வடிந்ததும், கரைச் சேற்றிலிருந்து தீக்கோழிப் பெரணி முளைவிடும். பிடிலின் தலை போலச் சுருண்டிருக்கும் அந்தப் பச்சை முளையை வேகவைத்துத் தின்பார்கள்; அதற்கு ஊரில் பெயரே பிடில்தலைதான். அதைக் கொண்டாட நிலையத்தில் விருந்து நடக்கும். பறித்து வந்தவர்கள் மேசையில் உட்காருவார்கள். பறிக்காதவர்கள் பின்கட்டில், பனிக்கட்டி கரைந்த தண்ணீரில் கைவிட்டு, ஒவ்வொரு சுருளிலும் ஒட்டியிருக்கும் பழுப்புச் சருகைத் தேய்த்து எடுப்பார்கள். ஒரு தலைக்கு அரை நிமிடம். மொத்தம் பத்தாயிரம் தலை.

முப்பத்தொரு வருடமாக அல்ஃபே தொட்டிக்காரர். துணைக்குப் பெண்டாட்டி செத்த இரண்டு பேர், யாராவது ஒரு வெளியூர் மருமகன், அப்புறம் பக்கத்து வீட்டு ஒனேசிம். தேய்த்து முடிக்கும்போது மேசையில் ஆறிப்போனதுதான் மிஞ்சியிருக்கும்.

பறிக்க இடம் வேண்டும். ஸெலிகாவிடம் இடம் இருந்தது. அவள் அம்மா கொடுத்தது. ஒவ்வொரு மே மாதமும் தனியாகத் தோணியில் போவாள், நாலு சாக்கோடு திரும்புவாள். எங்கே என்று சொல்ல மாட்டாள். அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. பழைய காதலைச் சொல்வார்கள், மூலவியாதியைச் சொல்வார்கள், பெரணி இருக்கும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அல்ஃபே கேட்காமல் இல்லை. கல்யாணமான முதல் மே மாதமே கேட்டார். "நாம இன்னும் நல்லாப் பழகலையே" என்றாள். ஆறு பிள்ளைகள் பிறந்தபின் கேட்டார். "இப்ப என்ன அவசரம்?" என்றாள்.

இரவுப் பணியில் காகித ஆலையின் உருளை பக்கத்தில் நின்றுகொண்டு அவர் இதையே யோசித்திருக்கிறார். என்னைத் தெரியாததால் சொல்லவில்லையா? நன்றாகத் தெரிந்ததால் சொல்லவில்லையா? இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

இந்தத் தடவை அவர் கேட்கப் போவதில்லை. மூளையைப் பயன்படுத்தப் போகிறார்.

தீக்கோழிப் பெரணியின் பச்சை இலைகள் முதல் உறைபனியிலேயே கருகி விழுந்துவிடும். ஆனால் நடுவில் முளைக்கிற, விதைத்தூள் சுமக்கும் பழுப்பு இறகுகள் விழாது. முழங்கால் உயரத்துக்கு, குளிர்காலம் பூராவும் பனிக்கு மேல் விறைத்து நிற்கும். எங்கே பழுப்பு இறகு நிற்கிறதோ அங்கே மே மாதம் பிடில்தலை நிச்சயம். ஆறு உறைந்திருக்கும்போதே நடந்து போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. முப்பத்தொரு வருடம் இது ஏன் தோன்றவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். பிறகு பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்.

மூன்று சனிக்கிழமைகள் பனிக்காலணி மாட்டிக்கொண்டு தீவு தீவாக அலைந்தார். மூன்றாவது வாரம், ஆற்றுக்கு நடுவே ஒரு குட்டித் தீவில், இருநூறு பழுப்பு இறகுகள் அணிவகுத்து நின்றன. அல்ஃபே தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கிவிட்டது. அங்கிருந்த மரக்கிளையில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிவிட்டு வந்தார்.

அன்று மாலை ஸெலிகா கேட்டாள்.

"என் கூடையில சிவப்பு நூல் குறையுதே."

"எலியா இருக்கும்."

"எலி கத்தரிக்கோல் வச்சா வெட்டும்?"

"இந்தக் காலத்து எலி."

"சரிதான். அந்த எலியோட காலுறை நனைஞ்சிருக்கு. அடுப்புகிட்டக் காயப் போடச் சொல்லுங்க."

மே மாதம் வந்தது. வெள்ளம் ஏறியது, வடிந்தது. விருந்தன்று விடியற்காலை அல்ஃபே மெதுவாகக் கதவைத் திறந்தார். சமையலறையில் ஸெலிகா நின்றிருந்தாள்.

"எங்க?"

"மீன் பிடிக்க."

"ரெண்டு சாக்கு எதுக்கு?"

"நிறையக் கடிச்சா?"

"தூண்டிலை மறக்காதீங்க. மீனுக்கு அது பிடிக்கும்." பொட்டலத்தைக் கையில் திணித்தாள். கோதுமை ரொட்டி, வெல்லப்பாகு, ஒரு துண்டு உப்புப் போட்ட பன்றிக்கறி. "சாயந்தரம் வரைக்கும் தாங்கும். அவசரப்பட்டுத் திரும்பிடாதீங்க."

இவ்வளவு அன்பு எதற்கு என்று அல்ஃபே யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதில் தேர்ந்தவர்தான். அன்று பார்த்து யோசிக்கவில்லை.

இரவல் தோணியை ஓட்டிப் போய்த் தீவில் இறங்கினார். சிவப்பு நூல் இருந்தது. அதே கிளையில் நீல நூலும் இருந்தது. நீல நூலுக்கு அடியில் ஒனேசிம் இருந்தான்.

"என்னப்பா, மீனா?" என்றான் ஒனேசிம்.

"மீன்தான். நீ?"

"நானும்தான்."

"தூண்டில் எங்க?"

"எடுத்துட்டு வர மறந்துட்டேன்."

"சாக்கு மறக்கலையே?"

"உக்கார எடுத்துட்டு வந்தேன்."

"ரெண்டா?"

"காலுக்கு ஒண்ணு."

இருவரும் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் குனிந்து தேடத் தொடங்கினார்கள். பழுப்பு இறகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஆனால் பச்சை ஒன்றுகூட இல்லை. தேங்காய் அளவு கிழங்கு மண்ணுக்கு மேல் தலைநீட்டி, அதைச் சுற்றி ஆறேழு சுருள் எழும்பியிருக்க வேண்டும். மூன்றைப் பறித்து மிச்சத்தைச் செடிக்கு விடுவதுதான் வழக்கம். இங்கே விடுவதற்குக்கூட ஒன்றுமில்லை.

ஒனேசிம் ஒரு இறகைப் பிடித்து இழுத்தான். குடைத்தாங்கியிலிருந்து குடை வருவதுபோல வந்தது.

"வேர் எங்கப்பா?"

அல்ஃபே வாங்கிப் பார்த்தார். தண்டின் அடி கத்தியால் சரிவாக வெட்டப்பட்டிருந்தது. வரவேற்பறைப் பூச்சாடிக்கு இறகு வெட்டும்போது ஸெலிகா இப்படித்தான் வெட்டுவாள். அவர் இன்னொன்றைப் பிடுங்கினார். அது நேராக வெட்டப்பட்டிருந்தது.

"சரிவு என் வீட்டுக்காரி" என்றார்.

"நேர் என் வீட்டுக்காரி" என்றான் ஒனேசிம். "மண்ணு உறையறதுக்கு முன்னாடி, போன நவம்பர்லயே வந்து நட்டிருக்காங்க. ரெண்டு பேரும் ஜெபமாலை சொல்லப் போறோம்னு போனாங்களே, அந்த வாரம்."

"இருநூறு, ஒனேசிம். நமக்கு யோசனை வர்றதுக்கு முன்னாடியே, குளிர்ல குனிஞ்சு, இருநூறு நட்டிருக்காங்க."

"அவ்வளவு மதிப்பு வச்சிருக்காங்க நம்ம மேல" என்றான் ஒனேசிம். ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். வேறு வேலை இல்லை.

மாலையில் அல்ஃபே வீட்டுக்கு வந்தபோது முன்கூடத்தில் ஐந்து சாக்குகள் நின்றன. எப்போதும் நாலுதான். விருந்துக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த மகள் கொரீன், படியில் உட்கார்ந்து காலணிச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மீன்?" என்றாள் ஸெலிகா.

"கடிக்கல."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவரை நிலைகுலைய வைத்தது. ஐந்தாவது சாக்கை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதை நீங்க பறிச்சதுன்னு கொண்டு வாங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வருஷமாவது சூடாச் சாப்பிடுங்க."

அல்ஃபே சாக்குக்குள் கைவிட்டார். ஒரு சுருளை எடுத்துத் தண்டின் உள்பக்கம் கட்டைவிரலை ஓட்டினார். வழவழப்பான தண்டு, ஆழமான பள்ளம். சுத்தமான தீக்கோழிப் பெரணி. இதை எடுத்துக்கொள்வது நேர்மையா? நேர்மை இல்லைதான். முப்பத்தொரு வருடம் தொட்டியில் கை விறைத்ததே, அது மட்டும் நேர்மையா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் சாக்கு அவர் தோளில் ஏறியிருந்தது.

நிலையத்தில் அவர் நுழைந்ததும் எல்லார் தலையும் சாக்கின் பக்கம் திரும்பியது. தொட்டியிலிருந்து ஒனேசிம் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அல்ஃபே சாகும்வரை மறக்க மாட்டார்.

"அட, அல்ஃபேயா!" என்றார் தீயணைப்புப் படைத் தலைவர். "இடம் கண்டுபிடிச்சுட்டியா?"

ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"சின்னதா ஒண்ணு."

"சின்னதுன்னா?"

"சின்னது இல்ல. சொல்லப்போனா, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் பெரணிதான். மிதிக்காம நடக்க முடியல."

கைதட்டினார்கள். மேசையில் நாற்காலி போட்டார்கள். வெந்து, தண்ணீர் மாற்றி மறுபடி வெந்து, வினிகர் தெளித்த பிடில்தலை ஆவி பறக்க முன்னால் வந்தது. அல்ஃபே கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். சூடாக இருந்தது. அது போதும், இனிச் செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தார்.

ஸெலிகா எழுந்து நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு முழங்கால் முன்ன மாதிரி இல்ல. இவருக்கு ஒரு இடம் அமையட்டும்னுதான் காத்திருந்தேன். இப்ப கண்ணுக்கெட்டின தூரம் அமைஞ்சிருக்கு. இந்த வருஷத்தோட நான் பறிக்கிறதை நிறுத்திக்கிறேன். அடுத்த வருஷத்திலேர்ந்து எங்க வீட்டு நாலு சாக்கும் இவர் கொண்டு வருவார்."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். தலைவர் வந்து அல்ஃபேயின் கையைக் குலுக்கினார். பின்கட்டில் ஒருவன் மட்டும் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தான். அவள் உட்கார்ந்ததும் அல்ஃபே காதோடு சொன்னார்.

"எனக்கு இடமே இல்லன்னு உனக்குத் தெரியுமே!"

"எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியாதே."

"அப்போ உன் இடத்தைக் காட்டு. நீதான் நிறுத்திட்டியே."

"அது இப்ப என்னோடது இல்லீங்க. இன்னிக்குக் காலையில பெரியவகிட்டக் குடுத்துட்டேன். அவளைக் கேட்டுப் பாருங்க."

அல்ஃபே எதிரே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். கெஞ்சலாகப் பார்த்தார். பெற்ற பாசமெல்லாம் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"கொரீன், கண்ணு…"

கொரீன் அன்போடு முன்னால் சாய்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வெண்ணெய் போடட்டுமாப்பா?"